எந்தப் பாட்டு பழைய பாட்டு? வானொலி முறையில் ஒரு பழைய பாடல் நிகழ்ச்சியை அமைக்க முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் யீஷூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மூத்தோர் நிலையம் இருக்கிறது. புதன்கிழமை தோறும் காலை இரண்டு மணி நேரம் அங்கே தமிழ்ப் பாட்டு போடுவது என் வேலை. சம்பளம் கிடையாது, காப்பி உண்டு.

முதல் புதன்கிழமை பெரிய தயாரிப்போடு போனேன். மூத்தோர் என்றால் பழைய பாட்டு, பழைய பாட்டு என்றால் கறுப்பு வெள்ளை என்பது என் கணக்கு. ஜி. ராமநாதனும் ஆரம்பகால கே.வி. மகாதேவனுமாக இருபத்து நான்கு பாடல்களை அடுக்கியிருந்தேன். ஆறாவது பாட்டு ஓடும்போது ஓர் அக்கா எழுந்து வந்தார். “தம்பி, இதெல்லாம் எங்கள் அம்மா பாடிக்கொண்டே துணி துவைத்த பாட்டு. எங்கள் பாட்டு எப்போது வரும்?” அவருக்கு 64 வயது. அவர் ‘எங்கள் பாட்டு’ என்று சொன்னது இளையராஜாவை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இளையராஜாவின் முதல் படம் வந்தது 1976இல். அப்போது அந்த அக்காவுக்குப் பதினைந்து வயது இருக்கும். நான் போட்ட பாடல்கள் அவர் பிறப்பதற்கு முன்பே பழையனவாகிவிட்டன. பாட்டின் வயதை மட்டும் பார்த்தேன், கேட்பவரின் வயதைப் பார்க்கவில்லை.

வானொலிக்காரர்கள் இந்தத் தவற்றை எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள். அதிலிருந்து ஒரு முறையையும் உண்டாக்கியிருக்கிறார்கள். சமூக மன்றத்தில் பாட்டு நேரம் நடத்துகிறவர், இணைய வானொலி தொடங்க நினைக்கிறவர், குடும்ப விழாவுக்குப் பட்டியல் போடுகிறவர் எவருக்கும் அந்த முறை பயன்படும்.

முதல் படி: பிறந்த ஆண்டைக் கேளுங்கள்

பாட்டைத் தேடுவதற்கு முன் கேட்பவர்களைத் தேடுங்கள். மனிதர்களுக்கு வாழ்நாளில் மிகத் துல்லியமாக நினைவிருப்பது பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம் என்பது உளவியலாளர்கள் பலமுறை கண்டது. அந்தப் பகுதியில் நினைவுகள் ஒரு மேடுபோல் குவிந்திருக்கின்றன. பாட்டைப் பொறுத்தவரை அந்த மேட்டின் உச்சி பதின்பருவத்தின் நடுவிலிருந்து இருபதுகளின் தொடக்கம் வரை. நான் 14 முதல் 24 வரை என்று வைத்துக்கொள்கிறேன்.

2025ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள். 85 வயதுக்காரர் 1940இல் பிறந்தவர்; அவருடைய பாட்டு 1954 முதல் 1964 வரை. 75 வயதுக்காரருக்கு 1964 முதல் 1974 வரை. 65 வயதுக்காரருக்கு 1974 முதல் 1984 வரை. 50 வயதில் இருக்கும் எனக்கு 1989 முதல் 1999 வரை. ஒரே கூடத்தில் நான்கு நாற்காலிகளில் நான்கு ‘பழைய பாட்டு’ உட்கார்ந்திருக்கிறது. முதலிரண்டு நாற்காலிகளுக்கு மூன்றாவது நாற்காலியின் பாட்டு புதியது. நான்காவதுக்கு மற்ற மூன்றுமே பழையவை.

சிங்கப்பூரில் இந்தக் கணக்கைக் கொஞ்சம் வளைக்க வேண்டும். ஐம்பது, அறுபதுகளில் படம் சென்னையில் வெளியான நாளும் இங்கே திரைக்கு வந்த நாளும் ஒன்றல்ல. படச்சுருள் கடல் தாண்டி வர வேண்டும். அதனால் எல்லைகளை ஓரிரண்டு ஆண்டுகள் தள்ளி வைத்தால் தவறில்லை. பெரிய வளைவு வேறு. இங்கே பிறந்து வளர்ந்த ஒரு தாத்தாவின் பதினெட்டு வயது முழுக்கத் தமிழ்ப் பாட்டால் ஆனது அல்ல. ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் உருவான, பாடகரும் நடிகருமான பி. ரம்லியின் மலாய்ப் பாடல்களையும் அவர் மனப்பாடமாகப் பாடுவார். தொண்ணூறுகளில் தஞ்சாவூரிலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட அண்ணன் அதைக் கேட்டால் விழிப்பார். வயது ஒன்றாக இருந்தாலும் வளர்ந்த இடம் வேறு. ஆகவே பிறந்த ஆண்டோடு “எங்கே வளர்ந்தீர்கள்?” என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: வானொலியின் பெயர்ப்பலகைகளைப் படிக்கப் பழகுங்கள்

பழைய பாட்டுக்கு வானொலித் தொழிலில் ஒரு பெயர் அல்ல, அரை டஜன் பெயர்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வயது மறைந்திருக்கிறது.

மிகப் பழைய பெயர் ‘ஓல்டீஸ்’. லாஸ் ஏஞ்சலிஸ் அறிவிப்பாளர் ஆர்ட் லபோ 1959இல் வெளியிட்ட தொகுப்பு இசைத்தட்டின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதிலிருந்த பாடல்களுக்குச் சில ஆண்டுகள்தான் வயது. 1972இல் நியூயார்க்கின் டபிள்யூசிபிஎஸ் எஃப்எம் முழுநேர ஓல்டீஸ் நிலையமாக மாறியது. அப்போது அந்தச் சொல்லுக்குப் பொருள் 1955க்குப் பிந்தைய ராக் அண்ட் ரோல் பாடல்கள். அதற்கும் முந்தைய, பெரிய வாத்தியக் குழுக்களின் காலத்துப் பாடல்களுக்கு ‘அடல்ட் ஸ்டாண்டர்ட்ஸ்’ என்று தனிப் பெயர். எண்பதுகளின் நடுவில் ‘கிளாசிக் ராக்’ வந்தது: ஒற்றைப் பாடல்களைவிட முழு ஆல்பங்களைக் கேட்டு வளர்ந்த ஆண்களைக் குறிவைத்தது அது.

பிறகு ‘ஓல்டீஸ்’ என்ற சொல்லே நிலையங்களுக்குப் பாரமாகிவிட்டது. விளம்பரதாரர்கள் பெரும்பாலும் காசு கொடுப்பது 25 முதல் 54 வயது வரையிலான நேயர்களுக்கு. பலகையில் ‘ஓல்டீஸ்’ என்று பார்த்ததுமே அவர்கள் மனத்தில் ஊன்றுகோல் தெரிகிறது. 2005 ஜூனில் டபிள்யூசிபிஎஸ் எஃப்எம் ஓல்டீஸை ஒரே நாளில் கைவிட்டு, எல்லாக் காலத்தையும் கலந்து அடிக்கும் ‘ஜாக்’ வடிவத்துக்குத் தாவியது. நேயர்கள் கொதித்தார்கள். 2007 ஜூலையில் பழைய பெயரோடும் பழைய அறிவிப்பாளர்கள் சிலரோடும் நிலையம் திரும்பி வந்தது. ஆனால் திரும்பி வந்தபோது ஐம்பதுகள் ஏறக்குறைய காணாமல் போயிருந்தன. அறுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள் வரை என்று வண்டி முன்னே நகர்ந்திருந்தது. அந்தப் புதிய அடுக்குக்கு உலகெங்கும் இன்று வழங்கும் பெயர் ‘கிளாசிக் ஹிட்ஸ்’. அதன் நடு இப்போது எண்பதுகளில் இருக்கிறது. தொண்ணூறுகள் வேகமாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

இன்னும் இரண்டு சொற்கள் நிலையத்துக்கு உள்ளே மட்டும் புழங்குபவை. பட்டியல் போடுகிறவருக்கு மிகவும் உதவுபவை. ஒன்று ‘ரிகரண்ட்’: வெற்றிப் பட்டியலை விட்டு இறங்கிவிட்டாலும் இன்னும் பழையதாகிவிடாத பாட்டு. அமெரிக்காவின் பில்போர்டு பத்திரிகை, 20 வாரங்கள் கழிந்தபின் 50ஆம் இடத்துக்குக் கீழே சரியும் பாட்டை முதன்மைப் பட்டியலிலிருந்து எடுத்து ரிகரண்ட் என்று ஒதுக்குவதைப் பல ஆண்டுகள் விதியாக வைத்திருந்தது. மற்றது ‘கோல்ட்’: ரிகரண்டையும் தாண்டி நிலைத்துவிட்ட பாட்டு. விற்பனையில் சாதித்த இசைத்தட்டுக்குத் தங்கத்தட்டு வழங்கும் வழக்கத்தின் வாசனை இந்தச் சொல்லில் இருக்கிறது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அதை முறைப்படித் தொடங்கியது 1958இல்.

இதைத் தெரிந்துகொண்டபின் நம் ஊர் அலைவரிசைகளின் பெயர்களை மீண்டும் வாசியுங்கள். மீடியாகார்ப் ஒலிபரப்பு நிறுவனத்தின் கோல்ட் 905 தன் பெயரிலேயே அந்த உள்வீட்டுச் சொல்லை ஒட்டி வைத்திருக்கிறது. முன்பு அறுபதுகளையும் எழுபதுகளையும் போட்ட அலைவரிசை அது. இப்போது அதன் பலம் எண்பதுகளும் தொண்ணூறுகளும். பெயர் அப்படியே இருக்க, தங்கத்தின் வயது மட்டும் மாறிவிட்டது. மலாயில் இளைஞருக்கு ரியா 89.7, மூத்தோர் பக்கம் சாய்ந்த வர்ணா 94.2. சீனத்தில் யெஸ் 933க்கும் கேப்பிட்டல் 958க்கும் இடையே ஒரு தலைமுறை தூரம். மூன்று மொழிகளிலும் உங்கள் வயதுக்கு ஏற்ற அலைவரிசைக்கு எண்ணைத் திருப்பிப் போய்விடலாம்.

தமிழுக்கு அது முடியாது. சிங்கப்பூரில் தமிழுக்கு ஒலி 96.8 ஒன்றுதான். மக்கள்தொகையில் ஏறக்குறைய 9 விழுக்காடு இந்தியர்கள், அவர்களிலும் ஒரு பகுதி தமிழர்கள் என்ற நிலையில் இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் விளைவைக் கவனியுங்கள்: மற்ற மொழிகளில் எண்ணைத் திருப்பினால் காலம் மாறும், தமிழில் கடிகார முள் திரும்பினால்தான் மாறும். பேரனும் பாட்டியும் ஒரே அலைவரிசையில் நேரம் பிரித்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூர்த் தமிழ்க் காதுக்குப் ‘பழைய பாட்டு’ ஒரு நேரத்தின் பெயர். உங்கள் நிகழ்ச்சி அரை மணி நேரமே ஆனாலும் அந்தப் பழக்கத்தோடுதான் மக்கள் வந்து உட்காருகிறார்கள்.

மூன்றாம் படி: தமிழின் சொந்த எல்லைக் கற்களை நடுங்கள்

ஆங்கிலப் பெயர்களைத் தமிழில் எழுதி ஒட்டினால் வேலை முடியாது. பக்கத்து மொழிகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். மலாயில் லாகு லாமா என்றால் வெறும் பழைய பாட்டு. மாலார் செகார் என்றால் வாடாத பசுமை. சீனத்தில் லாவ் கே பழைய பாட்டு. ஜின் ச்சூ பொற்பாட்டு. ஒரு சொல் வயதைச் சொல்கிறது, இன்னொன்று மதிப்பைச் சொல்கிறது. தமிழில் ‘பழைய பாடல்கள்’ முதல் வகை, ‘காலத்தால் அழியாத பாடல்கள்’ இரண்டாம் வகை.

நமக்கே உரிய மூன்றாவது ஒன்றும் உண்டு: ‘இடைக்காலப் பாடல்கள்’. பழையதற்கும் புதியதற்கும் இடையே என்று யாரோ வைத்த பெயர். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து தொண்ணூறுகள் வரை என்று பொதுவாகப் புழங்குகிறது. புதியது எங்கோ போய்விட்டது. ‘இடை’ மட்டும் வைத்த இடத்திலேயே நிற்கிறது. நியூ பிரிட்ஜ் சாலை என்று இன்றும் சொல்கிறோம் அல்லவா? அந்தப் பாலம் புதிதாக இருந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில்.

அதைவிட ஆழமான வேறுபாடு ஒன்று. ஆங்கில வானொலி பத்தாண்டுகளாக வெட்டுகிறது: அறுபதுகள், எழுபதுகள், எண்பதுகள். தமிழ் நேயர் அப்படிப் பேசுவதில்லை. பாகவதர் காலம், எம்ஜிஆர் – சிவாஜி பாட்டு, இளையராஜா பாட்டு, மைக் மோகன் பாட்டு, ரஹ்மான் பாட்டு. எல்லாம் மனிதர்களின் பெயர்கள். நடிகர் பெயரால் பாட்டை அழைப்பது வெளியாருக்கு விசித்திரமாகத் தெரியலாம்; மைக் மோகன் பாட்டு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடியது. ஆனால் சொன்னதும் எந்தச் சத்தம் என்று கூடமே புரிந்துகொள்கிறது. ஒரு பெயருக்கு அதைவிட என்ன வேலை?

என் எல்லைக் கற்கள் இவை. விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்த 1965. இளையராஜா வந்த 1976. ஏ.ஆர். ரஹ்மான் வந்த 1992. அனிருத் வந்த 2012. இவற்றில் 1976உம் 1992உம் கருங்கல். ஒரே ஆண்டில் கேட்கும் சத்தமே மாறியது. 1965 மென்மையான கோடு. 2012 இன்னும் காயாத சிமெண்ட்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. இதில் நான் நிறைய நேரம் செலவிட்டேன். எம்.எஸ். விஸ்வநாதன் எண்பதுகளிலும் இசையமைத்தார். 1982இல் வந்த அவருடைய பாட்டு எந்தப் பெட்டியில்? ஆளின் பெயரை நம்பினால் பழைய பாட்டு, ஆண்டை நம்பினால் இடைக்காலம். இளையராஜா இன்றும் இசையமைக்கிறார். அவருடைய புத்தம்புதுப் பாட்டை இடைக்காலத்தில் போட்டால் சிரிப்பார்கள். நான் கண்ட வழி, காதிடம் விடுவது. அந்தப் பாட்டை 1982இல் வந்த ஓர் இளையராஜா பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக ஒலித்தால் இடைக்காலம். விருந்தாளியாக ஒலித்தால் பழையது. ஆண்டும் பெயரும் சாட்சிகள், தீர்ப்பு காதுடையது.

இன்னொரு கண்ணி: ‘தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்கான பாடல்கள்’ என்று தலைப்பு வைத்துவிட்டுத் தொண்ணூறுகளின் பாடல்களைப் போடுவது. 1993இல் பிறந்தவரின் 14 முதல் 24 வயது 2007 முதல் 2017 வரை. அவர் எதிர்பார்ப்பது ஹாரிஸ் ஜெயராஜும் யுவன் சங்கர் ராஜாவும். நீங்கள் போட்டது அவருடைய அக்காவின் பாட்டு.

நான்காம் படி: ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அட்டை

வானொலி நிலையங்கள் பாட்டை வரிசைப்படுத்தும் வேலையை எழுபதுகளின் கடைசியிலிருந்தே கணினியிடம் ஒப்படைக்கத் தொடங்கிவிட்டன. ஆர்சிஎஸ் நிறுவனம் 1979இல் கொண்டுவந்த ‘செலக்டர்’ மென்பொருள் அந்த வரிசையில் முன்னோடி. உங்களுக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு விரிதாள் போதும். பாட்டின் முதல் வரி, படம், ஆண்டு, இசையமைப்பாளர், பாடியவர், எழுதியவர், நீளம், வேகம், மனநிலை. வேகத்துக்கு 1 முதல் 3 வரை எண் போடுங்கள், மனநிலைக்கு ஒரு சொல். சோகம் என்று எழுதிய இரண்டு பாட்டு அடுத்தடுத்து வந்துவிடாமல் தடுக்கவே இந்தக் கட்டம். மூத்தோர் நிலையத்தில் அது விளையாட்டல்ல. துணையை இழந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆண்டுக் கட்டத்தில் ஏமாறாதீர்கள். இசைச் செயலிகளில் பாட்டுக்குப் பக்கத்தில் தெரியும் ஆண்டு பல நேரம் அந்தத் தொகுப்பை இணையத்தில் ஏற்றிய ஆண்டு. 1961ஆம் ஆண்டுப் பாட்டுக்கு 2014 என்று போட்டிருக்கும். அதை நம்பி என் முதல் பட்டியலில் பி. சுசீலாவின் பதினோரு பாடல்களை ‘புதியவை’ என்ற கட்டத்தில் சேர்த்திருந்தேன். படம் வெளியான ஆண்டைத் தேடி எழுதுங்கள். மறுபதிவு, ரீமிக்ஸ் ஆகியவற்றைத் தனி நிறத்தில் குறியுங்கள். பாடிய அதே பாடகர் பிற்காலத்தில் மேடைக்காகத் திரும்பப் பாடிய பதிவையும் அப்படியே. கூடம் அதை ஒரே நொடியில் கண்டுபிடித்துவிடும்.

நீளத்தைக் குறிப்பதற்கும் காரணம் உண்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் அடங்கும். அந்தக் காலத்துப் பாட்டு அந்தச் சட்டைக்குத் தைத்த உடம்பு. பின்னாளில் நான்கு, ஐந்து நிமிடப் பாட்டுகள் சாதாரணமாகிவிட்டன. பழைய பாடல்களாகப் போடும் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மூன்று நான்கு பாட்டுகள் கூடுதலாகத் தேவைப்படும்.

ஐந்தாம் படி: எத்தனை பாட்டு, எத்தனை முறை

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ஆயிரக்கணக்கில் பாட்டைச் சேர்க்கிறார்கள். நிலையங்கள் அதற்கு நேர் எதிர். பாடல்களை மூன்று அடுக்காகப் பிரிக்கிறார்கள்: எல்லாரும் அறிந்தது, பலர் அறிந்தது, எப்போதாவது வந்தால் இனிப்பது. கூட்டிக் கழித்துப் பாருங்கள். மணிக்கு 12 பாட்டு போடும் ஒரு நிலையம் அதில் ஐந்தை முதல் அடுக்கிலிருந்தும், நான்கை இரண்டாவதிலிருந்தும், மூன்றைக் கடைசியிலிருந்தும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் அடுக்குக்கு ஒரு நாளில் 120 இடம். அதில் 100 பாட்டு இருந்தால் ஒவ்வொன்றும் நாளைக்கு ஒரு முறைக்குச் சற்று மேல் வரும். இரண்டாம் அடுக்கில் 200 பாட்டு என்றால் இரண்டு நாளுக்கு ஒரு முறை. மூன்றில் 300 என்றால் நான்கு நாளுக்கு ஒரு முறை. மொத்தம் 600 பாட்டில் ஒரு முழு நிலையம் ஓடிவிடும். “போட்டதையே போடுகிறார்கள்” என்று நேயர்கள் குறை சொல்வது உண்மைதான். அது திட்டமிட்டுச் செய்வது. காரில் பத்து நிமிடம் கேட்கிறவருக்குத் தெரிந்த பாட்டு கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் நியாயம்.

வாரம் இரண்டு மணி நேரத்துக்கு நான் வைத்திருப்பது 276 பாட்டு. வாரத்துக்கு முதல் அடுக்கில் 10, இரண்டில் 8, மூன்றில் 6. முதல் அடுக்கில் 60 பாடல்கள் இருப்பதால் ஒரு பாட்டு ஆறு வாரத்துக்கு ஒரு முறை திரும்பும். அதைவிட விரைவாகத் திரும்பினால் ஒரு தாத்தா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

ஆறாம் படி: சோதித்துப் பாருங்கள்

நிலையங்கள் ஒரு கூடத்தில் ஆட்களை உட்காரவைத்து, பாட்டின் அடையாளம் தெரியும் சில விநாடித் துண்டுகளாக நூற்றுக்கணக்கில் போட்டு மதிப்பெண் வாங்குகின்றன. கேட்பது மூன்றே கேள்வி: தெரியுமா, பிடிக்குமா, சலித்துவிட்டதா? மூன்றாவதுதான் முக்கியம். மிகவும் பிடித்த பாட்டும் சலித்துப் போகலாம்.

நான் முதலில் கை தூக்கச் சொன்னேன். நம் ஆட்கள் மரியாதைக்காரர்கள். பக்கத்து நாற்காலி தூக்கினால் தாங்களும் தூக்கிவிடுகிறார்கள். இப்போது மூன்று நிற அட்டைகளை ஆளுக்கொரு தொகுதியாகக் கொடுத்து, மடிமேல் வைத்துக் காட்டச் சொல்கிறேன். தேநீருக்கு முன் பத்துத் துண்டு, அவ்வளவே. ஆங்கிலப் பாட்டுக்குத் துண்டாக வைப்பது பெரும்பாலும் கூட்டாகப் பாடும் வரி. நமக்குப் பல்லவிகூட வேண்டியதில்லை. தொடக்க ஹம்மிங் போதும், எண்பதுகளின் பாட்டுக்கு முதல் நான்கு விநாடி வயலின் போதும்.

ஏழாம் படி: மணி நேரத்தைக் கட்டுங்கள்

வட்டம் ஒன்று வரைந்து கடிகாரம்போல் பிரியுங்கள். தொடக்கத்திலும், பேச்சு முடிந்ததும் வருவது முதல் அடுக்குப் பாட்டாக இருக்கட்டும். தெரியாத பாட்டை இரண்டு தெரிந்த பாட்டுகளுக்கு நடுவே வையுங்கள்.

கடினமானது காலம் தாவுவது. 1957இலிருந்து 1998க்குக் குதித்தால் பஸ் திடீரென்று பிரேக் போட்டதுபோல் இருக்கும். பாலம் வேண்டும். சிறந்த பாலம் குரல். அறுபதுகளின் கடைசியில் தமிழுக்கு வந்த எஸ்.பி. பாலசுப்ரமணியம் விஸ்வநாதனுக்கும் இளையராஜாவுக்கும் ரஹ்மானுக்கும் பாடியவர். அவரைப் பிடித்துக்கொண்டு மூன்று காலத்தையும் கடந்துவிடலாம். எழுத்தும் பாலமாகும்: வாலி எம்ஜிஆருக்கும் எழுதினார், அனிருத் இசைக்கும் எழுதினார். இதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டைப் போடுங்கள். 85 வயதும் 50 வயதும் ஒன்றாகத் தலையாட்டும்.

சத்தத்தின் அளவையும் சமன் செய்யுங்கள். ஐம்பதுகளின் பதிவு மெல்லியது, இன்றைய பதிவு மதிலை இடிக்கும். காதுக் கருவி மாட்டியவர்கள் முன்னால் இந்தத் தவற்றை ஒரு முறை செய்தேன், அதுவே போதும்.

உரிமம் பற்றிச் சுருக்கமாக: பொது இடத்தில் பாட்டுப் போட, பாட்டை எழுதியவர் – இசையமைத்தவர் தரப்புக்குக் காம்பஸ் அமைப்பின் உரிமம் வேண்டும், 2021 பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் பங்கு உண்டு. இடத்தை நடத்துகிறவரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

எட்டாம் படி: பெயர் வைப்பது

பெயரைக் கடைசிக்கு முன்னால்தான் வைக்க வேண்டும்; பட்டியல் தெரியாமல் வைத்த பெயர் பொய்யாகும். ‘பழைய’ என்ற சொல்லை நான் தவிர்க்கிறேன். 64 வயது அக்காவுக்கு அவருடைய பாட்டு பழையதல்ல, அவருடையது. ‘பொற்காலம்’ என்றால் மற்றவர் காலம் பித்தளையா என்று சண்டை வரும், வந்தது. ‘எண்பதுகள்’ என்று வைத்தால் 1978ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றுக்காக ஒருவர் எழுந்து விளக்கம் கேட்பார். ஆள் பெயர் வைப்பது பாதுகாப்பு, ஆனால் மற்ற இசையமைப்பாளர்களின் ரசிகர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். பல வாரம் யோசித்து ‘புதன் பாட்டு’ என்று வைத்தேன். எந்த வாக்குறுதியும் இல்லாத பெயர். மணி நேரத்துக்குள் பகுதிகளுக்கு மட்டும் ‘தட்டுக் காலம்’, ‘கேசட் காலம்’, ‘சிடி காலம்’ என்று பெயர் கொடுத்திருக்கிறேன். பாட்டை எதில் கேட்டார்கள் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கிறது. சிராங்கூன் சாலையில் எந்தக் கடையில் வாங்கினார்கள் என்பதுவரை சொல்கிறார்கள். ஆண்டைக் கேட்டால் மட்டும் விழிக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: ஆண்டுக்கொரு முறை நகர்த்துங்கள்

டிசம்பரில் பட்டியலைத் திறந்து பிறந்த ஆண்டுக் கணக்கை மறுபடி போடுங்கள். புதிதாக வந்தவர்கள் யார், வராமல் போனவர்கள் யார் என்று பாருங்கள். இரண்டாவது சொல்வதற்கு எளிது, செய்வதற்கு எளிதல்ல. சென்ற டிசம்பரில் ஜி. ராமநாதன் பாடல்களை ஒன்பதிலிருந்து நான்காகக் குறைக்க வேண்டியிருந்தது. மிஞ்சிய நான்கில் ஒன்றை எப்போதும் முதல் மணியின் கடைசியில் வைக்கிறேன்; கேட்டவர் உட்கார்ந்த நாற்காலி சன்னலோரம்.

காலியான ஐந்து இடத்தில் மூன்று எண்பதுகளுக்குப் போனது. மீதி இரண்டில், நிலையத்தில் வேலை செய்யும் முப்பது வயதுப் பெண் கேட்ட பாட்டுகளைப் போட்டேன். “அண்ணா, எனக்கும் ஒரு பழைய பாட்டு போடுங்கள்” என்று அவர் எழுதிக் கொடுத்த இரண்டும் 2008இல் வந்தவை. முதலாவது ஓடியபோது 64 வயது அக்கா என்னைப் பார்த்தார். இந்த முறை எழுந்து வரவில்லை. மடியிலிருந்து ‘தெரியாது’ அட்டையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.